கீபோர்டில் பாதிப் பங்கு

ரகுபதிக்கு ஒரு பொருள் பிடிக்கவேண்டும் என்றால் முதலில் அதைக் கொஞ்சம் கொடுமைப்படுத்திப் பார்க்கவேண்டும். அவர் பார்த்த வேலை அப்படி. ஒரகடத்தில் கார்களுக்கு ஸ்விட்ச் செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் சோதனை அறையில் இருந்தார். கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கும் பட்டனை ஓர் இயந்திர விரல் ஓயாமல் குத்திக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டன் எப்போது உயிரை விடுகிறது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இப்படிப்பட்ட மனுஷன் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரன் பாடு திண்டாட்டம்தான். சோப்பு டப்பா வாங்கினால்கூட மூடியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். அந்த அறையில் அவரோடு தங்கிவிட்டுப் போனவர்கள் பலர். ஒருத்தனுக்குக் கல்யாணம் ஆயிற்று, ஒருத்தன் துபாய்க்குப் போனான், ஒருத்தன் சொல்லிக்கொள்ளாமலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். காண்ட்ராக்ட் வேலைக்கு வருகிற பிள்ளைகள் வேறு எப்படி இருப்பார்கள்? ரகுபதியின் சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம்தான். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே தம்பி குடும்பம் வீட்டை நிறைத்துவிட்டது. இவருக்குப் பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், நாற்பது தாண்டியதும் எல்லோரும் நாகரிகமாகப் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். பொங்கலுக்குப் போனால் விருந்தாளிக்கு எடுக்கிற தட்டில் அவருக்குச் சோறு போட்டார்கள். மரியாதைதான், குறை சொல்ல முடியாது. அந்த மரியாதைதான் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அப்படி இருந்த அறைக்குத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாரிசெல்வம் வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், டிப்ளமோ படித்தவன், இன்னொரு கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப் வேலை. இருவருக்கும் ஷிஃப்ட் ஒத்துப்போவது அபூர்வம். இவர் வரும்போது அவன் கிளம்புவான், அவன் வரும்போது இவர் போர்த்திக்கொண்டு தூங்குவார். ஆனாலும் கிடைத்த அரைமணி நேரத்தில் லைனில் நடந்தது, சூப்பர்வைசர் திட்டியது, கேன்டீன் சாம்பாரில் பருப்பைத் தேடியது எல்லாவற்றையும் கொட்டிவிடுவான். சிரிக்கச் சிரிக்கப் பேசுவான். ரகுபதி பதிலுக்கு "அப்டியா?" என்பார், "போடா டேய்" என்பார். அதற்குமேல் அவருக்கு வராது. ஆனால் அவன்மேல் உயிரையே வைத்திருந்தார். காய்ச்சலில் கிடந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து கஞ்சி வைத்தவன் அவன் ஒருத்தன்தான்.

இந்தப் பக்கத்து வாடகை அறைகளில் ஒரு வழக்கம் உண்டு. பக்கெட் ஆனாலும் அடுப்பு ஆனாலும் ஆளுக்குப் பாதி. காலி செய்கிறவன் பங்கை இருக்கிறவன் வாங்கிக்கொள்ளவேண்டும். இந்த வழக்கத்திலிருந்து ரகுபதி யாருக்கும் சொல்லாமல் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்திருந்தார்: பங்கு அதிகமானால் ஆள் போகமாட்டான். ரைஸ் குக்கரின் பாதியை எவன் பிய்த்துக்கொண்டு போவான்? ஆகவே முதலில் ரைஸ் குக்கர் வந்தது. பிறகு மிக்ஸி, பிறகு நல்ல மெத்தை. ஏதோ ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றையும் இருவருமாக வாங்கினார்கள். ஒவ்வொன்றையும் கூட்டில் வாங்கிய அன்று ரகுபதிக்கு நல்ல தூக்கம் வந்தது. சிரிக்கத் தோன்றும்தான். ஆனால் இருக்கச் சொல்லி வாய்திறந்து கேட்கத் தெரியாதவன் வேறு என்ன செய்வான்?

அந்தக் கம்ப்யூட்டரில் மாரி, பிரஸ்ஸில் தகட்டுக்கு உருவம் கொடுக்கும் அச்சுகளை வடிவமைக்கும் மென்பொருளைத் தானாகவே படித்துக்கொண்டிருந்தான். மௌசைவிட விரலுக்குத்தான் அதில் வேலை அதிகம் என்பான். கூடவே வந்த கீபோர்டோ கிழடு. இரண்டு எழுத்துகள் விழவே விழாது, ஸ்பேஸ் பார் அமுங்கினால் எழுந்திருக்காது.

"மெக்கானிக்கல் போர்டு வாங்கிருவோம்ணே," என்றான் ஒருநாள். "சாதா போர்டுல அடியில ஒரு ரப்பர் ஷீட்டுதான். இதுல ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனி ஸ்விட்ச்சு. தட்டுனா வெரலுக்குத் தெரியும்."

ஸ்விட்ச் என்ற சொல்லைக் கேட்டதும் ரகுபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு அவருடைய பேட்டைக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் கீபோர்டு விமர்சனங்களாகப் பார்த்தார். ஆயிரத்து எழுநூறுக்கு ஒன்று. வானவில் விளக்கு எரிய, கல்யாண மண்டபம்போல ஜிகுஜிகுவென்று இருந்தது. நாலாயிரத்தை ஒட்டி ஒன்று. விளக்கு கிடையாது, அலங்காரம் கிடையாது, ஆனால் உள்ளே உலோகத் தகடு, தடிமனான எழுத்துக் கட்டைகள், பழுதானால் ஸ்விட்ச்சை மட்டும் பிடுங்கி மாற்றிக்கொள்ளும் வசதி. மாரியைப் பார்க்கும்போதெல்லாம் இதே பேச்சு. "இது அஞ்சு வருஷம் ஒழைக்கும்டா. நல்லா வச்சிகினா பத்து வருஷங்கூட வரும்."

முதலில் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், போகப் போக, "சீப்பானதே போதும்ணே," என்று சொல்ல ஆரம்பித்தான். பையன் காசுக்கு யோசிக்கிறான் என்று ரகுபதி நினைத்துக்கொண்டார்.

இருவருக்கும் சேர்ந்து லீவு கிடைத்த ஒரு சனிக்கிழமை, எதுவானாலும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவது என்று ரகுபதி அவனைச் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டு பெட்டிகளையும் பிரித்து முன்னால் வைத்தார். ரகுபதி மலிவானதை எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்கினார். அது கிறீச்சென்றது.

"சார், ஒடைஞ்சா நீங்கதான் வாங்கணும்," என்றார் கடைக்காரர்.

"ஒடையுமா இன்னான்னு பாக்கத்தானே முறுக்கறேன்."

எழுத்துக் கட்டை ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். நகத்தால் சுரண்டினார். ஸ்பேஸ் பாரின் இரு கோடியையும் மாறி மாறித் தட்டினார். "பாருடா, மேல பெயிண்ட்டு அட்ச்சி வச்சிக்கிறான், நாலு மாசத்துல எழுத்து அழிஞ்சிரும். இத்த தட்டுனா பழைய பஸ்ஸு ஜன்னலாட்டம் கடகடங்குது." பிறகு மற்றதை எடுத்தார். கை கனத்தது. முறுக்கினார், அசையவில்லை. எழுத்து மேலே பூசியதல்ல, வேறு நிறத்து பிளாஸ்டிக்கே உள்ளிருந்து எழுத்தாக வந்திருந்தது. ஸ்பேஸ் பார் எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். பல வருஷம் வீடு வீடாகப் போய்ப் பெண் பார்த்தபோதுகூட அவர் முகம் இவ்வளவு மலர்ந்திருக்காது.

மாரி இரண்டையும் தட்டிப் பார்த்தான். "உள்ள ரெண்டும் ஒரே ஸ்விட்ச்சுதாம்ணே, அவரே சொல்லுதாரு. மேல போட்ட சட்டைக்கா இவ்வளவு துட்டு?"

அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ரகுபதி விடுவாரா? "ஸ்விட்ச் நல்லாக்கீதுன்னா ஆச்சா? அத்த புட்ச்சிகினு கீற தகடு வளைஞ்சா ஸ்விட்ச்சு இன்னா பண்ணும் பாவம்? விலைய ஒரு தபா குடுக்கறோம். பொருளோட தெனமும் குடித்தனம் பண்ணணும்டா."

"எனக்கு ஒரு மாசம் தாங்குனாப் போதும்ணே."

"ஒரு மாசத்துக்கு எவனாச்சும் பொருள் வாங்குவானா? பேச்சப் பாரு!"

கடைக்காரர் சிரித்தார். ரகுபதியும் சிரித்தார். மாரி சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. பட்டனின் ஆயுளை முன்கூட்டியே சொல்கிறவர் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்க்காமல் விட்டார்.

நல்லதையே எடுத்தார்கள். மாரி மறுபேச்சில்லாமல் தன் பாதியைப் போனில் அனுப்பினான். ரகுபதிக்கு உள்ளுக்குள் வெல்லப்பாகு ஓடியது.

"ஒரு வருஷம் வாரண்டி. யார் பேர்ல போடட்டும்?" என்றார் கடைக்காரர்.

"மாரிசெல்வம்னு போடுங்க."

"அண்ணன் பேர்லயே போடுங்க," என்றான் மாரி.

"இன்னாடா வெக்கம்? நீதானே தட்டப் போறே. உன் பேரே இருக்கட்டும்."

"வேண்டாம்ணே. நான் இங்க இருக்க மாட்டேன்."

ரகுபதி அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போறே?"

"ஓசூரு. டிசைன் ஆபீஸ் ஒண்ணுல எடுத்துட்டாவ. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி சேரணும்."

கடைக்காரருக்கு அடுத்த ஆள் காத்திருந்தான். "அப்ப யார் பேரு சார்?" என்று மறுபடி கேட்டார். ரகுபதி தன் பெயரைச் சொன்னார். கடைக்காரர் இன்னொரு தடவை கேட்டு அடிக்கவேண்டியிருந்தது.

பூந்தமல்லி பஸ்ஸில் ரகுபதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அமைந்தகரை தாண்டியதும் கேட்டார்.

"எப்போ தெரியும் உனுக்கு?"

"ஒரு மாசமாச்சுண்ணே. சொல்லணும்னுதான் வருவேன். நீங்க அஞ்சு வருசம் ஒழைக்கும், பத்து வருசம் ஒழைக்கும்னு ஆரம்பிச்சிருவீய. எனக்கு வாயே வராது."

"அப்பறம் எதுக்குடா காசு போட்டே?"

"நீங்க அம்புட்டு ஆசையா நின்னிய."

ரகுபதிக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. ரைஸ் குக்கரும் மிக்ஸியும் மெத்தையும் வாங்கி வாங்கி ஓர் ஆளைப் பிடித்து வைக்கலாம் என்று நினைத்த தன் புத்தியை நினைத்து நாணிப்போனார். கட்டிப்போட வாங்கிய கயிற்றில் பையன் ஏணி செய்துகொண்டு ஏறிவிட்டான். அந்தக் கம்ப்யூட்டரில்தானே படித்தான்? அதில் தப்பு என்ன? சந்தோஷப்படவேண்டிய விஷயம். சந்தோஷம்தான் வரமாட்டேன் என்றது.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் அவர் கீபோர்டைப் பற்றியே பேசினார். ஸ்பேஸ் பாருக்கு அடியில் ஒரு சொட்டு கிரீஸ் வைத்தால் இன்னும் மெத்தென்று இருக்கும் என்றார், வைத்தும் கொடுத்தார். மாரி, "சூப்பரா இருக்குண்ணே," என்றான். அவன் தட்டிக்கொண்டிருக்க இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். தூங்கமாட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நீயே எத்துகினு போடா இத்த," என்றார்.

"அங்க ஆபீஸ்லயே எல்லாம் குடுப்பாவண்ணே. நீங்க வச்சுக்கிடுங்க. எம் பங்குக்கெல்லாம் துட்டு ஒண்ணும் தர வேண்டாம்."

பங்குக்குக் காசு வாங்கினால் கணக்கு முடிந்துவிட்டது என்றாவது ஆகும். இவன் அதையும் வாங்காமல் எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிட்டுப் போகிறான். கொடுப்பதற்கும் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று ரகுபதிக்குத் தோன்றியது.

அவன் கிளம்பிய அன்று ரகுபதிக்கு நைட் ஷிஃப்ட் முடிந்த காலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, அறைக்குப் போகாமல், யூனிஃபார்மோடு நேரே பெங்களூர் நெடுஞ்சாலைக்கு நடந்தார். மாரி ஒரு தோள்பையும் ஒரு பெட்டியுமாக நின்றிருந்தான். எதிரும் புதிருமாக லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கார் ஏற்றிய நீள வண்டி ஒன்று திரும்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தது.

"டிக்கெட்டு போட்டியா?"

"இல்லண்ணே, வர்ற பஸ்ல ஏறிக்கிடலாம்."

"அங்க குளிரும்னு சொல்றானுங்க. கம்பளி வாங்கிக்க."

"சரிண்ணே."

"நல்ல ரூமா பாரு. வாடகைய மட்டும் பாக்காத, தண்ணி கீதான்னு பாரு."

"சரிண்ணே."

சொல்வதற்கு இன்னும் பல இருந்தன: பூட்டு, பாத்திரம், மெஸ் சாப்பாடு. எல்லாம் பொருட்கள். தூரத்தில் ஓசூர் என்று எழுதிய பஸ்ஸின் முகம் தெரிந்தது. மாரி குனிந்து பெட்டியை எடுத்தான்.

"மாரி."

"என்னண்ணே?"

"போவாதடா."

சொல்லிவிட்டார். நாற்பது வயசுக்கு மேல் முதல்முறையாக ஒருவரிடம் அதைச் சொல்கிறார். கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் இல்லை. மாரி பெட்டியைக் கீழே வைத்தான். கையைக் காட்டாவிட்டால் பஸ் நிற்காது. காட்டிக்கொண்டே அவரைப் பார்த்தான்.

"நீங்க முன்னாடியே சொல்லிருந்தாலும் போயிருப்பேம்ணே," என்றான். "ஆனா சொல்லிருக்கலாம்."

பஸ் நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். மாரி அவர் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்திவிட்டு, பெட்டியை உள்ளே தள்ளி, தானும் ஏறினான். கதவு மூடிக்கொண்டது.

ரகுபதி நின்ற இடத்திலேயே நின்றார். சொல்லியிருக்கலாம்தான். அதற்கு இரண்டு வருஷம் இருந்தது.