கடைசி வரிசையில் பாஞ்சாலி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றவில்லை. ஒரு பத்திரிகை நாலாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னது. நான் ஒரு சொல்கூட எழுதுவதற்கு முன்பே என் மனைவி மாளவிகா அதைக் கிரெடிட் கார்டுக்கு ஒதுக்கிவிட்டாள். ஆகவே எழுதித்தான் தீர வேண்டும்.

2

முதல் தொடக்கம்: ‘ஆழ்வார்பேட்டையில் மழை பிடித்துக்கொண்டபோது சாய்நாத் தன் வாழ்க்கையை...’

[அடித்துவிட்டேன். மழை பெய்யவில்லை. சாய்நாத் நான்தான்.]

இரண்டாவது தொடக்கம்: பெருங்குடியில் எனக்கு வேலை போய் ஏழு மாதம். கடன் மூன்று. மாளவிகா அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். வட்டி அதிகமான கடனை முதலில் அடைப்பது என்பது விதி. முதல் வரிசையில் கார்டு, நாற்பது சதவீதம். அடுத்து நகைக்கடன். கடைசி வரிசையில் பாஞ்சாலி, ஒன்பதாயிரம், வட்டி பூஜ்யம். நானும் பாராட்டினேன்.

3

பாஞ்சாலி எங்கள் வீட்டில் சமைக்கிறவர். நொச்சிக்குப்பத்திலிருந்து வருகிறார். மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக நான் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கெஞ்சியதைக் கேட்டுக்கொண்டே சாம்பாருக்குத் தாளித்தார். மறுநாள் பணத்தைச் சமையல் மேடைமேல் வைத்தார்.

“இன்னா சார், புள்ள பீசுக்குப் போய் அவன்கிட்ட இவன்கிட்ட கெஞ்சிக்கினு. வச்சுக்க. இருக்கசொல்ல குடு.”

[இங்கே எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல மனுஷியை வாசகர் நம்புவாரா? ஒரு குறையாவது வைக்க வேண்டும். உப்புக் கொஞ்சம் தூக்கலாகப் போடுவார். அது உண்மையும்கூட.]

வர்ணனைக்கும் முயன்றேன்: ‘அவர் கண்களில் கடலின்...’

வேண்டாம்.

முன்பெல்லாம் ஏழு மணிக்கு வந்தவர், இரண்டு மாதமாக ஆறுக்கே வந்துவிடுகிறார். இதைக் கடமையுணர்வு என்று எழுதி ஒரு முழுப் பத்தியைச் செலவழித்திருந்தேன்.

4

நேற்று அவருக்குப் போன் வந்தது.

“சாய்ங்காலம் நூறு ரூபா குடுத்துர்றேன் நைனா. எங்க ஓடிடப் போறேன்?”

யாரென்று கேட்டேன்.

“தண்டல்காரன் சார். கைல ஒம்பதாயிரம் குடுத்தான். தெனம் நூறுனு நூறு நாள் கட்டணும். அதத்தான் உனக்குக் குடுத்தேன். இன்னும் நாப்பது நாள் கீது. அதுக்குத்தான் ஏழு மணிக்கு இன்னொரு வூடு புடிச்சிக்கீறேன்.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே.”

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அசல் தினமும் குறைவதையும் பார்த்தால், வருடக் கணக்கில் தண்டல் வட்டி கார்டு வட்டியைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எங்கள் விதிப்படியே அவர்தான் முதல் வரிசை. வெட்கமாக இருந்தது. கடமையுணர்வுப் பத்தியை அழித்தேன். அதில் நல்ல வாக்கியங்கள் இருந்தன.

தண்டலில் மிச்சம் நாலாயிரம். இந்தக் கதைக்கும் நாலாயிரம். [கதையில் இப்படிப் பொருந்தினால் அழகில்லை. நான் என்ன செய்ய?]

5

முடிவு அ: பணத்தைக் கொடுக்கிறேன். பாஞ்சாலி கண்கலங்குகிறார். [கலங்கமாட்டார். எண்ணிப் பார்ப்பார்.]

முடிவு ஆ: மாளவிகா சொல்கிறாள், “கார்டுக்குக் கட்டலேன்னா ஃபைன் போடுவான். பாஞ்சாலி ஒண்ணும் சொல்லமாட்டாங்க.” இதை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பத்திரிகையில் அச்சாகும் அன்றே பணம் அனுப்பிவிடுவார்கள். ஆக, நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் பணம் வந்துவிட்டது. என் கடைசிச் சாக்கும் தீர்ந்தது.

என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்காதீர்கள். எழுதுகிறவன் என்ன வேண்டுமானாலும் எழுதுவான். பாஞ்சாலியின் பெயரை நான் மாற்றவில்லை. நொச்சிக்குப்பம் பக்கம் போனால் அவரைக் கேளுங்கள், இப்போது எங்கள் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்று.

ஏழு என்றால் கதை முடிந்தது. ஆறு என்றால்