பள்ளத்தாக்குக் கிணறு

கீழ்மாடிக் குழாயைத் திறந்ததும் தண்ணீர் சீறி ரூபிகாவின் சட்டையை நனைத்தது. ஆறாம் மாடி அலுவலகக் குழாயில் அது நூலாய்த்தான் வடியும். தண்ணீர்த் தாங்கி அதற்கு நேர்மேலே, மொட்டைமாடியில். சோற்றுப் பார்சலைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

ஆபிரிக்க மலைநாடொன்றில் மின்சாரம் எடுக்கக் கொதிநீர்க் கிணறு துளைத்துக்கொண்டிருந்தார்கள். துளைக்குள் நிரப்பும் சேறு எவ்வளவு கனமாயிருக்க வேண்டுமென்று நேற்றுக் கணக்குப் போட்டு அனுப்பியவள் அவள். கீழிருந்து தள்ளும் சுடுநீரை அமுக்கிப் பிடிப்பது அந்தச் சேற்றின் பாரம்தான். கிணற்றின் ஆழத்தை மட்டுமே பார்த்திருந்தாள், தன் அலுவலகம் இருக்கும் வெள்ளவத்தை மாதிரிச் சமதரை என்று எண்ணி. கிணறு இருந்ததோ பள்ளத்தாக்கின் அடியில். சுற்றியுள்ள மலைகளில் ஊறிய மழைநீர் கிணற்று வாயைவிட உயரத்தில் நின்று, அடியில் கூடுதலாக அழுத்தும்; அவள் சொன்ன சேற்றின் பாரம் அதற்குப் போதாது.

பார்சலைக் குழாயடியில் போட்டுவிட்டுப் படியேறி ஓடினாள்.

"ரிப்போட் நேத்தே போயிட்டு," என்றார் முதலாளி ஷிராஸ், அவள் சொன்னதைக் கேட்டுக் கதவைச் சாத்தியபடி. "இப்ப பிழைன்டு சொன்னா நமக்கு இனி யாரு வேல தருவாங்க? பேசாம இரிங்க."

"அங்க பதினாலு பேர் நிக்கினம் சேர்."

அவர் முன்னாலேயே தொலைபேசியை எடுத்தாள். அந்தக் கிணற்றின் துளைப்பு மேற்பார்வையாளன் லவன் கொட்டாஞ்சேனைக்காரன். குரல் மட்டுமே பழக்கம்.

"என்ன அக்கா, எங்கட நினைப்பு வந்திட்டுதோ?"

"பகிடி வேண்டாம் லவன். துளைக்கிறதை நிப்பாட்டும். என்ர கணக்குப் பிழை. மலையை விட்டிட்டன்."

"மலையையோ? இஞ்ச வேற என்னக்கா இருக்கு?" சிரித்தவன் சட்டென்று அடங்கினான். "இஞ்ச இருக்கிற பெரியவன் விடமாட்டான். ஆதாரம் கேப்பான்."

"பம்பை அஞ்சு நிமிசம் நிப்பாட்டிப் பாரும். சேறு அசையாட்டி நான் விசரி. தானாப் பொங்கினா உடன கிணத்து வாயைப் பூட்டும்."

தொலைபேசியில் பம்பின் இரைச்சல் நின்றது. கீழே வீதியில் பஸ்ஸொன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. ஷிராஸ் நகத்தைக் கடித்தார்.

"அக்கா, வருது! பம்ப் இல்லாமலே வருது!"

யாரோ கத்தினார்கள். இரும்பு இரும்பில் மோதியது.

"பூட்டியாச்சு." லவனுக்கு மூச்சு வாங்கியது. "அழுத்தமானி பதினெட்டு பார் காட்டுது."

அவளுடைய கணக்கின்படி அது பூச்சியமாய் இருந்திருக்க வேண்டும்.

"ஆக்கள்?"

"பதினாலு பேரும் நிக்கிறம்."

கணினியைத் திறந்தாள். திருத்தக் கடிதத்தின் முதல் வரியிலேயே தன் பெயரையும் தன் பிழையையும் எழுதினாள். ஷிராஸ் அதை இரண்டு தடவை வாசித்தார்.

"கம்பனிட பேரும் போடோணுமா?"

"ஓம் சேர்," என்று சொல்லிக் கடிதத்தை அனுப்பினாள்.