சமமாய் நின்ற தொகுதி

"செல்லும்! பேரு தெளிவா அச்சாகியிருக்கு, அப்புறம் என்ன மதாம்?"

"செல்லாது! பேனா பட்டாலே செல்லாது. உங்களுக்குன்னு தனிச் சட்டமா போட்டிருக்காங்க, முசியே அன்செல்ம்?"

பிரெஞ்சுத் துறைமுக ஊரின் அந்தப் பள்ளிச் சாப்பாட்டு அறையில் ஜூன் மாத வெயில் இன்னும் இறங்கவில்லை. வாக்குச்சாவடித் தலைவி மரிவோன் அந்த ஓட்டுச்சீட்டைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள். அங்கே ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிச் சீட்டு; இதில் அச்சாகியிருந்த பெயர் யோலாந்து வத்தேல், மரிவோனின் கூடப்பிறந்த தங்கை. பெயருக்குக் கீழே நீல மையில் "தைரியமாயிரு, அழகியே" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், செல்லாது என்று கத்தியவள் அக்கா. செல்லும் என்று மல்லுக்கு நின்ற அன்செல்ம், எதிர் வேட்பாளரான மருந்துக்கடை தெகாமின் ஏஜெண்ட்!

மற்ற சாவடிகளின் கணக்கெல்லாம் தொலைபேசியில் வந்து சேர்ந்தாயிற்று. பாக்கி இந்த ஒரே சீட்டு. சேர்த்தால் யோலாந்து ஒரு ஓட்டில் எம்.பி. தள்ளினால் இருவரும் சமம். சமமானால் வயதில் மூத்தவருக்கே ஆசனம் என்பது சட்டம். தெகாமுக்கு அறுபத்தாறு, யோலாந்து இன்னும் ஐம்பதைத் தொடவில்லை.

முப்பத்தொன்பது வருஷமாக யோலாந்தின் சிவப்புக் கட்சியைத் தவிர வேறெதையும் அறியாத தொகுதி அது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அந்தச் சகோதரிகளின் அப்பா ஐந்து முறை ஜெயித்தார். அவருக்குப் பிறகு அவருடைய தோழர். நடுவில் பாரிசில் யாரோ தொகுதி வரைபடத்தில் பென்சிலால் கோடு கிழித்து, கப்பல்துறைத் தெருக்கள் சிலவற்றை வெட்டிவிட்டு மாளிகைத் தெருக்களை ஒட்டவைத்தார்கள். அப்போதும் சிவப்புதான்.

"ஏன்டி மரிவோன், தங்கச்சி மேல அப்படியென்ன காட்டம்?" என்றாள், எண்ணிக்கைத் தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்த ஜோசியான். "உங்கப்பா காலத்துத் தொகுதிடி!"

"அக்கா எண்ணினதாலதான் தங்கச்சி ஜெயிச்சான்னு நாளைக்கு ஊரே பேசும். மொதல்ல பேசுறது நீதான்." மரிவோன் சீட்டை மேசையில் வைத்தாள். அன்செல்மிடம் திரும்பினாள். "உங்க ஆளு தோத்தாலும் பரவால்லன்னு நீங்க ஏன் இந்தப் பாடு படுறீங்க?"

அன்செல்மின் காதுகள் தக்காளியாகச் சிவந்தன. "ஒரு நல்ல வார்த்தை எழுதி வைக்கலாமேன்னு..."

அறை மொத்தமும் வாயைப் பிளந்தது.

மரிவோன் சீட்டின் ஓரத்தில் 'செல்லாது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு எழுந்து நின்று வாசித்தாள்: பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு. பதினெட்டாயிரத்து நானூற்று ஆறு.

முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் பேர், ஒருவரையொருவர் கலந்து பேசாமல், தனித்தனியே திரைக்குப் பின்னால் போய், தராசு முள்ளை ஒரு மயிரிழை பிசகாமல் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். கப்பல்துறை ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஓடிவந்த தெகாமுக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. கோவிலுக்குள் நுழைந்தவரைப் போல வாசலிலேயே நின்றுவிட்டார். வாயடங்காத ஜோசியான் அந்த இரண்டு எண்களையும் மாறிமாறி விரலால் தொட்டுப் பார்த்தாள்.

தெகாம் மருந்துக்கடையை விற்றுவிட்டு எம்.பி.யாகப் பாரிசுக்குப் போனார். அன்செல்மைக் கட்சி விலக்கியது. யோலாந்து பதினான்கு மாதம் அக்காவோடு பேசவில்லை. ஒருநாள் தானாகவே வந்து, "ஆமா, அந்த நீல மைக்காரன் ஒழுங்கானவனா அக்கா?" என்று கேட்டாளாம். அந்தச் செப்டம்பரிலேயே நகராட்சி மண்டபத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்து மரிவோன். மாப்பிள்ளையும் பெண்ணும் நாந்த் நகரப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.