பதினோரு கிலோ புல்

வீட்டுக்குப் பின்னால் இருந்த கால் ஏக்கரின் பத்திரம் கைக்கு வந்த அன்றே டிரைவர் ஒரு பசுவையும் வாங்கிவிட்டார். வாயால்தான். டிப்போவில் ஒரு பஸ் விடாமல் ஏறி இறங்கிச் சொன்னார்: "அடுத்த மாசம் நம்ம வீட்டுல பசு. இனிமே பாக்கெட் பால் வாசப்படி ஏறாது." டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். வண்டி நகர்வதற்கு முன்பே சத்தம் வந்துவிடும்.

பசுவைத் தருவதாக ஒத்துக்கொண்டவர் அவருடைய அண்ணன். அப்பா போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர். அவரிடம் மூன்று மாடுகள் இருந்தன. "நடுவுல நிக்குறது உனக்கு. காசு கீசுன்னு பேசாதே," என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு நாற்பத்தாறு வயது. இன்றுவரை அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியதில்லை.

மனைவி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவள். போன மாதம்தான் அந்தப் பிரிவுக்கே மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். பதினாலு பேர் அவள் சொல்லுக்குக் காத்திருப்பார்கள்.

அவள் துணி காயப்போடும் கயிற்றைக் கட்டி நிலத்தை இருபது பட்டைகளாகப் பிரித்தாள். தினமும் வேலைக்குப் போகும் முன் ஒரு பட்டையை அறுத்து, புல்லை மூட்டையாகக் கட்டி, சலவைக்கூடத்தில் கழித்துப்போட்ட தொங்கு தராசில் மாட்டி எடை பார்த்து, காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதினாள். இருபத்தோராம் நாள் மறுபடி முதல் பட்டைக்கு வந்தாள். அறுத்த இடம் பழையபடி வளர்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டாமா?

"புல்லைப் போயா நிறுக்குறே?" என்று டிரைவர் கேலி செய்தார். "துணியை நிறுத்து நிறுத்துக் கை சும்மா இருக்க மாட்டேங்குதா?"

"பழக்க தோஷங்க," என்றாள்.

அறுத்த புல்லெல்லாம் அண்ணன் வீட்டு மாடுகளுக்குப் போனது. பசு வரப்போகிற வீடு இப்போதே பழகுகிறது என்று அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. புல்லைப் போட்டவள் உடனே திரும்பாமல், நடுவில் நின்ற அந்த மாடு அதை எவ்வளவு நேரத்தில் காலி செய்கிறது என்று நின்று பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை.

பசு வருவதாக இருந்த சனிக்கிழமையும் வந்தது. காலையில் டிரைவர் அப்போதுதான் கொட்டகைக்குத் தகரம் வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஒரு நாளைக்குப் பதினோரு கிலோ. நம்ம நிலம் அவ்வளவுதாங்க குடுக்கும். உங்க அண்ணன் வீட்டு மாடு ஒண்ணுக்கு முப்பது கிலோ வேணும். நான் போடுற பதினொண்ணையும் தின்னுட்டு, இன்னும் கொண்டான்னு பாக்குது. மீதி பத்தொன்பது கிலோவை யாரு கொண்டு வர்றது?"

"ரோட்டோரமா அறுத்துக்கலாம்…"

"யாரு அறுப்பா? நீங்க விடிகாலைல வண்டி எடுத்தா, வீடு வர்றப்ப ராத்திரி எட்டு மணி."

ஊரெல்லாம் பசுவைப் பற்றிப் பேசியவருக்கு இந்தக் கேள்வி ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கண் கலங்கியிருந்தது.

"நான்தான் வேலையை விடணும். யாரும் வாயைத் தொறந்து சொல்லல. மாடு வந்து நின்னா அதுவே சொல்லிடும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொடர்ந்தாள். "எங்க மெஷின்ல பன்னெண்டு கிலோதான் போடலாம். பெரிய டாக்டர் துணியாச்சேன்னு கூட ரெண்டு கிலோ திணிச்சா மொத்தத் துணியும் அழுக்காத்தான் வரும். நிலமும் அப்படித்தாங்க. நமக்கு ஆடு சரியா வரும். ஒத்தை ஆடுன்னா கத்தியே தெருவைக் கூட்டும், ரெண்டா வாங்குவோம். ரெண்டுக்கும் சேத்து எட்டு, ஒன்பது கிலோ. மிச்சத்தைக் காயவெச்சுக்கலாம்."

ஆடா! டிரைவருக்குச் சுருக்கென்றது. பசு பசு என்று மார்தட்டிவிட்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்றால் டிப்போக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஆனால் பார்வை காலண்டரை விட்டு அகலவில்லை. முப்பது கட்டத்திலும் அவள் எழுத்து. மழை பெய்த நாளில் எடைக்குப் பக்கத்தில் 'ஈரம்' என்று ஒரு குறிப்பு. அவள் காய்ச்சலில் படுத்த அன்றும் எடை இருந்தது. இப்படி ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாம் தகரம் வாங்கக் கிளம்பினோமே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கழுத்துமணிச் சத்தம் கேட்டது. அண்ணன் பசுவோடு நின்றுகொண்டிருந்தார்.

"கொட்டகை எங்கடா?"

டிரைவர் காலண்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "பசு வேண்டாண்ணே."

"என்ன சொன்னே?"

"நல்ல மாடுதான். நம்ம நிலத்துக்கு ஆகாது. அது திங்கறதுல மூணுல ஒரு பங்குதான் இங்க விளையுது. மீதிக்கு இவ வேலையை விடணும். அதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்." இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மகள் வாங்கிய மார்க்கைக் காட்டுகிறவர்போல் காலண்டரை நீட்டினார். "எல்லாம் இவ நிறுத்துப் பாத்துட்டாண்ணே. ஒரு நாள் விடாம!"

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் பசுவைப் பார்த்தார். காலை வெயிலில் அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம்போல இருந்தது. அதற்குள் அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பசு தலையை விட்டுக் குடித்தது.

"என் நிலம் அரை ஏக்கர்," என்றார் அண்ணன், யாரையும் பார்க்காமல். "மூணு மாடு நிக்குது. உடம்பு ஏறலையேன்னு ஒரு வருஷமா மருந்து குடுத்துக்கிட்டு இருக்கேன்." பிறகு தம்பியிடம் சொன்னார்: "வந்து என் நிலத்தையும் ஒருவாட்டி பாக்கச் சொல்லேன்."

"அவகிட்டயே கேளுங்கண்ணே," என்றார் டிரைவர். "எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இத்தனை நாளில் அண்ணன் அவளிடம் நேராகக் கேட்டது தண்ணீர் மட்டும்தான். மற்ற எதுவானாலும் தம்பி வழியாகத்தான் போகும், வரும். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்பம்மா தோதுப்படும்?"