பல்லிடுக்கில் ஒரு தோட்டா

வெள்ளைக்கார வேட்டைக்காரர் ஹாக்லி கிழவர் ஒரே ஒரு தோட்டாவைத்தான் எடுத்து நீட்டினார். கட்டைவிரல் பருமன், நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். ஷிங்கிராய் அதை வலது குழலில் போட்டு மூடினான். மூடும்போது வந்த அந்த அடக்கமான சத்தத்துக்கே பாதி விலை கொடுக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு. ஐம்பது தப்படி தள்ளி ஒரு கரையான் புற்று, அதில் கரியால் வரைந்த வட்டம். வலது குழலுக்கு முன்விசை, இடதுக்குப் பின்விசை. முன்விசையை இழுத்தான். தோள் அதிர்ந்தது, வட்டத்துக்குள் மண் பறந்தது. "இப்ப இடதுல போடு" என்று கிழவர் இன்னொன்றை நீட்டினார். அதுவும் வட்டத்துக்குள்ளேயே, முதல் ஓட்டைக்கு மூன்று விரல் பக்கத்தில். இரட்டைக்குழல் வாங்குகிறவன் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று காரோய் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: இரண்டு குழலும் ஒரே இடத்தைப் பார்க்கிறதா? பார்த்தது. நானூற்றெழுபது ரகத் தோட்டா கப்பலேறி வர வேண்டிய சரக்கு, மூன்றாவது கேட்க யாருக்கும் வாய் வராது. இரண்டையும் ஒருசேரப் போட்டுச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று ஷிங்கிராய்க்குத் தோன்றவே இல்லை. பதினெட்டு வருஷம் அடுத்தவர் துப்பாக்கிக்கு முன்னால் குனிந்து தடம் பார்த்தவன் அவன். தடம் பார்க்கத் தெரியும், துப்பாக்கி வாங்கத் தெரியவில்லை.

கூட முசேகிவா இருந்தான். அதுதான் தைரியம். முசேகிவா ஹாக்லியிடம் இருபது வருஷமாகத் துப்பாக்கி சுமந்தவன், ஷிங்கிராய்க்கு சஹ்விரா. சஹ்விரா என்றால் வெறும் சிநேகிதன் இல்லை. இரண்டு பேரின் தாத்தாக்கள் காலத்திலிருந்து வருகிற முறை அது. சஹ்விரா உன் பெண்டாட்டி முன்னால் உன்னைத் திட்டலாம், உன் அடுப்பிலிருந்து கேட்காமல் கறியை எடுத்துத் தின்னலாம், உன் வீட்டுச் சாவில் செத்தவரைப் போல நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கலாம். யாரும் கோபப்படக் கூடாது. பதிலுக்கு அவனுக்கு ஒரே ஒரு கடமை. மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை அவன் உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அன்றைக்கும் அவன் வாய் ஓயவில்லை. "பாருங்கய்யா, கல்யாணத்தன்னிக்கு ருவிம்போ கையைக்கூட இவன் இப்படிப் பதமாப் புடிக்கல" என்றான். ஷிங்கிராயின் தொப்பையைக் கேலி செய்தான், புதுப் பூட்ஸைக் கேலி செய்தான், வேட்டை லைசென்ஸ் பரீட்சையில் அவன் எழுதிய இங்கிலீஷைக் கேலி செய்தான். துப்பாக்கியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. குறை இருந்தால் இவன் விடுவானா என்று நினைத்தே ஷிங்கிராய் கை நீட்டினான்.

கை நீட்டியது என்றால் லேசில் இல்லை. ருவிம்போ தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிற பிக்கப் வண்டி கிழவர் கைக்குப் போனது. கூடவே எட்டு வருஷச் சேமிப்பும். ருவிம்போ அன்று அவனோடு பேசவில்லை, சட்ஸாக் களியை மட்டும் தட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் அவளுக்கும் தெரியும். லைசென்ஸ் கிடைத்துவிட்டது, இனி அவன் வழிகாட்டி வேட்டைக்காரன். காசு கொடுத்து வேட்டைக்கு வரும் வெளிநாட்டுக்காரன் எருமையைக் காயப்படுத்திவிட்டு வண்டியில் உட்கார்ந்துவிடுவான், முட்புதருக்குள் அதைத் தேடிப் போக வேண்டியவன் இவன். புதருக்குள் காயம்பட்ட எருமை பதினைந்து அடியில்தான் கிளம்பும். முதல் குழல் பிசகினால் இரண்டாவது குழல், அவ்வளவுதான். ஒற்றைக்குழலில் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவைத் தள்ள நேரம் கொடுக்க எருமை என்ன மாமியார் வீட்டு விருந்தாளியா?

சீசன் தொடங்கியபோது, தனக்குத் தடம் பார்க்க வரும்படி முசேகிவாவைக் கூப்பிட்டான். ஹாக்லி கிழவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு கடலோரக் கேப் பக்கம் மகளோடு இருக்கப் போய்விட்டார், முசேகிவா சும்மாதான் இருந்தான். ஆனாலும் முட்டி வலி என்றான். அடுத்த வாரம் அதே முட்டியோடு பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் விடிய விடிய ஆடினான் என்று கேள்விப்பட்டபோது ஷிங்கிராய் சிரித்துக்கொண்டான். பதிலாக சைமன் வந்தான். நல்ல கண், வாய் பேசாதவன்.

ஜூன் மாதம், இரண்டாவது வேட்டை. ஹங்கேரிக்காரர் ஒருவர் எருமையின் வயிற்றில் சுட்டுவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் புதருக்குள் போனார்கள். முன்னால் சைமன், அடுத்து ஷிங்கிராய், பின்னால் வனக்காவலர். எருமை சொல்லாமல் கொள்ளாமல் இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது. ஷிங்கிராய் நெற்றியைப் பார்த்து முன்விசையை இழுத்தான். அப்புறம் நடந்தது அவனுக்கே சரியாகத் தெரியாது. தோளில் உலக்கையால் இடித்ததுபோல இருந்தது, அவன் மண்ணில் உட்கார்ந்திருந்தான், இரண்டு குழலும் ஒன்றாகவே வெடித்திருந்தன. குண்டுகள் மேலே போயிருந்தன. கையில் காலித் துப்பாக்கி. எருமை அவனைத் தாண்டி சைமனை இடுப்பில் தூக்கிப் போட்டது. வனக்காவலர் பக்கத்தில் ஓடிவந்து காதடியில் சுட்டதால் சைமனுக்கு உயிர் மிஞ்சியது, இடுப்பெலும்பு மிஞ்சவில்லை.

காவலர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக்கொடுத்தார். இரண்டு குழலும் ஒருசேர வெடித்தால் கேட்கிறவன் எவனும் முதலில் சொல்வது ஒன்றுதான்: முன்விசையை இழுத்த விரல் நழுவிப் பின்விசையையும் இழுத்துவிட்டது, இரட்டைக்குழல் புதுசாகப் பிடிக்கிறவன் செய்கிற தப்பு. வேட்டைக் கேம்ப் முதலாளியும் அதையே சொன்னார், நல்ல மனுஷர், குரலை உயர்த்தாமல் சொன்னார். ஹராரேயில் துப்பாக்கி பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனான். அவர் காலித் தோட்டாக்கூடு போட்டு இருபது தடவை சொடுக்கிப் பார்த்துவிட்டு, விசைப்பூட்டு ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தந்தார். மனசு கேட்காமல் மிச்சமிருந்த தோட்டாக்களில் ஆறை இரண்டிரண்டாகப் போட்டுப் புற்றில் சுட்டான். மூன்று தடவையும் ஒவ்வொன்றாகவே வெடித்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. துப்பாக்கி கெட்டிருந்தால் திருத்தலாம். தன் விரல் கெட்டது என்றால்?

அதன் பிறகு அவன் முற்றத்தில் உட்கார்ந்து காலித் துப்பாக்கியை வைத்துக்கொண்டு முன்விசை, பின்விசை, முன்விசை, பின்விசை என்று மணிக்கணக்கில் பழகினான். சாப்பிடும்போது வலது சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருப்பான். புல் மடிந்திருப்பதைத் தொட்டே சிறுத்தை எப்போது போனது என்று சொன்ன விரல், இன்று அவனுக்கு எதிரியாகிவிட்டது. "விரலை முறைச்சு என்ன ஆகப்போவுது, சட்ஸா ஆறுது, தின்னு" என்பாள் ருவிம்போ. சைமனின் பெண்டாட்டி கிணற்றடியில் இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லைசென்ஸ் கொடுத்த ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. வருகிற வெள்ளிக்கிழமை விசாரணை, துப்பாக்கியோடு வரவும். விரல் பிழை என்று முடிவானால் லைசென்ஸ் போய்விடும். அவனும் அதைத்தான் ஒப்புக்கொள்வதாக இருந்தான், சைமனின் முகத்துக்காகவாவது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவன் சித்தப்பா செத்துப்போனார். எண்பது வயசு, குறையொன்றுமில்லாத சாவு. பண்டிகை மாதிரி கூட்டம், தினைக்கள் பானை பானையாக இறங்கியது. வீட்டு சஹ்விரா இல்லாமல் எதுவும் நடக்காது, முசேகிவா முதல் நாளே வந்துவிட்டான். புதன் காலையில் செத்தவரின் கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு கூட்டத்தின் நடுவில் இறங்கினான். சித்தப்பா கடன் கேட்கிறவனைக் கண்டால் செவிடாகிவிடுவதை நடித்தான். கோழிக்குப் பேரம் பேசுவதை, பேசிப் பேசி விற்கிறவனையே அழவிடுவதை நடித்தான். அழுதுகொண்டிருந்த சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஷிங்கிராய்கூடச் சிரித்தான், ரொம்ப நாளைக்கு அப்புறம்.

கூட்டத்துக்கு ஆசை அடங்கவில்லை. உன் வெள்ளைக்காரரைக் காட்டு, வெள்ளைக்காரரைக் காட்டு என்று பெண்கள் கைதட்டினார்கள். ஹாக்லி ஊரில் இருந்தவரை முசேகிவா அந்த வேஷத்தைத் தொட்டதில்லை. இப்போது கள் இரண்டு சுரைக்குடுக்கை உள்ளே போயிருந்தது, கிழவர் கடல் பக்கம் போய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு விறகுக்கட்டையை எடுத்தான். முதுகை நிமிர்த்தி, வயிற்றை முன்னே தள்ளி, ஒரு கண்ணைச் சுருக்கி நாலு எட்டு வைத்தான், அப்படியே ஹாக்லி. கட்டையைத் துப்பாக்கிபோல மடக்கித் திறப்பதாகப் பாவனை செய்தான். பையிலிருந்து இரண்டு கூழாங்கல்லை எடுத்தான். ஒன்றைக் குழலில் போட்டான். மற்றதைச் சுருட்டு மாதிரி பல்லிடுக்கில் கடித்துக்கொண்டான். கடித்த வாயோடே, "முஷேகிவா, எரும எங்கடா?" என்று குழறினான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாரேன், கஞ்சப் பிசினாறி, தோட்டா செலவாகிவிடும் என்று வாயில் வைத்திருக்கிறான் என்று ஒருத்தி கத்தினாள்.

ஷிங்கிராய் சிரிக்கவில்லை. அவன் கண் அந்தக் கூழாங்கல்லிலேயே நின்றுவிட்டது. இரண்டு குழல் துப்பாக்கியில் ஒரு தோட்டா போட்டு எருமைக்குப் பின்னால் போகிறவன் உலகத்தில் உண்டா? உண்டு. இரண்டும் போட்டால் ஒன்றின் அதிர்ச்சியில் மற்றதும் வெடிக்கும் என்று தெரிந்தவன். கரையான் புற்று, ஒவ்வொன்றாக நீண்ட கை, வண்டியில் சாய்ந்துகொண்டு தொப்பையைக் கேலி செய்த இவன், முட்டி வலி. எல்லாம் ஒரே தடத்தில் வரிசையாகக் கிடந்தது. அவனைப் போன்ற தடம் பார்ப்பவன் இத்தனை நாள் அதன்மேல் மிதித்து நடந்திருக்கிறான். முசேகிவாவும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டான். வாயிலிருந்த கல்லை உள்ளங்கையில் துப்பினான். நடிப்பு அத்தோடு நின்றது. கூட்டம் கொஞ்சம் கைதட்டிவிட்டுக் கள்ளுப் பக்கம் போனது.

தொழுவத்துக்குப் பின்னால், வெட்டி வைத்த குழிக்குப் போகிற வழியில், ஷிங்கிராய் அவனை நிறுத்தினான்.

"எத்தனை தடவை ரெண்டும் ஒண்ணா வெடிச்சுது?"

"சஹ்விரா, இன்னிக்கு வேண்டாமே…"

"எத்தனை தடவைடா?"

முசேகிவா தொப்பியைக் கழற்றினான். "எனக்குத் தெரிஞ்சு மூணு. தினம் வெடிக்காது. எப்பவாவதுதான். ஒரு தடவை தோள் எறங்கிப் போச்சு அவருக்கு. அதுக்கப்புறம் ஒண்ணுக்கு மேல போட மாட்டாரு."

"நீ பக்கத்துல நின்னுக்கிட்டு என் வயித்தைக் கேலி பண்ணிக்கிட்டிருந்தே."

"நான் பொய் ஒண்ணும் சொல்லல."

ஷிங்கிராய் வழியை மறித்து நின்றான். முசேகிவா மிச்சத்தையும் சொன்னான். ஆற்றோரம் தகரக் கூரை போட்ட வீடு, ஆழ்குழாய்க் கிணறு, அதை உனக்கு விட்டுவிட்டுப் போகிறேன், வாயை மட்டும் மூடிக்கொண்டு நில் என்று கிழவர் சொன்னாராம். பத்திரம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறதாம். தன் பிள்ளைகள் அங்கேதான் தூங்குகிறார்களாம்.

"வீடு மட்டும் இல்லடா. நீ லைசென்ஸோட வந்தன்னிக்கு ஊரே உன்னை ஐயான்னுச்சு. நானும் சொன்னேன், கேலியாத்தான். ஆனா வயிறு எரிஞ்சுச்சு. ரெண்டு பேரும் அடுத்தவன் துப்பாக்கிக்கு முன்னால ஒண்ணாத்தானே குனிஞ்சோம்."

"சைமன் நடக்க மாட்டான், தெரியுமில்ல?"

"தெரியும்."

அடிக்கக் கை எழும்பும் என்று ஷிங்கிராய் எதிர்பார்த்தான், எழும்பவில்லை. ஹாக்லி ஏமாற்றியதுகூட வலிக்கவில்லை, விற்கிறவன் ஏமாற்றுவது ஊர் உலகத்தில் உள்ளதுதான். தன் விரலைத் தானே வெறுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இவன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, வாசலில் நின்று, "என்ன, விரலுக்குப் பள்ளிக்கூடமா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறான். வலித்தது அதுதான்.

"வெள்ளிக்கிழமை விசாரணை" என்றான். "நீ வந்து நீ கண்டதை அப்படியே சொல்லணும். கூழாங்கல்லு, வாயி, எல்லாம்."

முசேகிவா வாயைத் திறப்பதற்குள் பின்னால் சத்தம் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள், சஹ்விரா எங்கே, சஹ்விரா எங்கே என்று நாலாபக்கமும் கூப்பாடு. குழிக்குள் முதலில் இறங்குவது சஹ்விராதான். பாயை விரித்து, கீழே நின்று, வருகிற பெட்டியைக் கையேந்தி வாங்கி, இடம் பார்த்து வைக்க வேண்டும். வேறு யாரும் செய்தால் செத்தவருக்கு அவமானம். செத்தவரின் அண்ணன் மகன் என்பதால் தலைமாட்டுக் கயிற்றை ஷிங்கிராய் கையில் கொடுத்தார்கள். மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள்.

முசேகிவா சித்தப்பாவின் கோட்டோடு குழிக்குள் இறங்கினான். ஆள் உயரத்துக்குமேல் ஆழம், அவன் தலை மண்மட்டத்துக்குக் கீழே போனது. பாயை விரித்தான், ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான், வேண்டியதற்குமேல் நேரம் எடுத்துக்கொண்டான். மேலே பெண்கள் அவன் கடைசிக் கேலிக்காகக் காத்திருந்தார்கள். ஏதாவது சொல்லு, சஹ்விரா, என் புருஷனை அழவச்சு அனுப்பாதே என்று சித்தி குரல் கொடுத்தாள். அவன் பாயின் ஓரத்தையே மறுபடி இழுத்துவிட்டான். பெட்டி குழியின் வாயைத் தாண்டி அவன் தலைக்குமேல் வந்து நின்றது. முத்துமுத்தாக வேர்த்திருந்த முகத்தைத் தூக்கி, தலைமாட்டுக் கயிறு யார் கையில் இருக்கிறது என்று பார்த்தான். ஒதுங்க அங்கே இடமில்லை. இரண்டு கையையும் மேலே நீட்டினான்.

"விடு, சஹ்விரா" என்றான் கீழேயிருந்து.

மற்ற மூன்று கயிறும் இறங்கத் தொடங்கின. தலைமாட்டுப் பக்கம் மட்டும் பெட்டி நிமிர்ந்து நின்றது. விசாரணைக்கு வருகிறேன் என்று கீழே நிற்பவன் இன்னும் சொல்லவில்லை. ஷிங்கிராய் கயிற்றை உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தான், சுட்டுவிரல் வெளுத்துப்போயிருந்தது, கீழே அந்த இரண்டு கைகளும் இன்னும் விரிந்தபடியே இருந்தன.