இரண்டு இடது பக்கங்கள்

அந்தத் தையல்கடையில் வயதுக்கொரு வேலை. பதின்மூன்றில் பட்டன், பதினான்கில் இஸ்திரி, பதினைந்தில் அளவெடுப்பது, பதினாறு முடிந்தால்தான் கத்தரிக்கோல். அப்பா போட்ட சட்டம். மூத்தவள் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாளெண்ணிக் காத்திருந்து, ஒரு படிகூடத் தாண்டாமல் ஏறி வந்தவள். அப்படிப்பட்டவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதினான்கே வயதான தங்கையின் கையில் அப்பா கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

"இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்லப்பா?"

"கை நல்லா வந்திருச்சும்மா. எதுக்குக் காத்திருக்கணும்?"

எதுக்குக் காத்திருக்கணுமாம். அப்படியென்றால் அவள் காத்திருந்தது எந்தக் கணக்கில் சேர்த்தி? மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை.

அப்பா நூல் வாங்கக் கிளம்பினார். மேஜைமேல் ஒரு வாடிக்கையாளரின் கோட்டுத் துணி. அகலம் போதாததால் மடித்து வெட்ட முடியாது. ஒற்றையாக விரித்து, அளவு அட்டையை வைத்து முன்பக்கத்தின் ஒரு பாதியை வரைய வேண்டும். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு மறுபாதி. திருப்ப மறந்தால் இரண்டுமே இடது பக்கமாகிவிடும்; வெட்டியதைப் புரட்டிப் போட்டாலும் துணியின் உள்பக்கம்தான் வெளியே தெரியும். வலது பக்கம் இல்லாத கோட்டை எவர் போட்டுக்கொள்வார்?

சின்னவள் மறந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு, அத்தனை கவனமாக மறந்தாள். வெட்டுவதற்கு முன் அக்காவை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அக்கா துணியில் வரைந்திருந்த கோடுகளைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், பிறகு குனிந்து காலரைத் தைக்கத் தொடங்கினாள். நல்லா படட்டும் என்று நினைத்தாள்.

திரும்பி வந்த அப்பா இரண்டு துண்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

"நான்தான்பா. திருப்பிப் போட மறந்துட்டேன்," என்றாள் சின்னவள், அவர் கேட்பதற்கு முன்பே. "துணி கொடுத்தவர்கிட்ட நானே போய்ச் சொல்றேன்."

அப்பா மூத்தவள் பக்கம் திரும்பினார். "நீ பாக்கலையா?"

"அவ காலர் தச்சுக்கிட்டிருந்தாப்பா," என்று சின்னவளே முந்திக்கொண்டாள். "அவளுக்கு எப்படித் தெரியும்?"

தெரியும் என்பது சின்னவளுக்கும் தெரியும். கண்ணோடு கண் பார்த்துக்கொண்டார்களே. காட்டிக்கொடுத்திருந்தால் மூத்தவள் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். மொத்தப் பழியையும் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தல்லவா நிற்கிறது, இந்தப் பதினான்கு வயதுக் குரங்கு. கத்தரிக்கோலில் முந்தினாள், போகட்டும். இதிலுமா?

அந்தப் பொறாமை தாங்காமல்தான் மூத்தவள் வாயைத் திறந்தாள்.

"பாத்தேன்பா. அவ வெட்டுறதுக்கு முன்னாடியே பாத்தேன். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."