மூடி

போனட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்ப, கார் எங்கள் வாசல் சரிவில் முக்கி முனகி ஏறி நின்றது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். என் கணவரின் அண்ணன் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். இது மூன்றாவது தடவை.

"மூடி! ஏய் மூடி! எங்க போய்த் தொலைஞ்சே?"

மூடி என் பெயர் அல்ல. கல்யாணமான புதிதில் நான் அதிகம் பேச மாட்டேன். "வாய்க்கு மூடி போட்டுத்தான் அனுப்பியிருக்காங்க" என்று மூத்தவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். வீடே சிரித்தது. சிரிப்பு நின்றது, பெயர் ஒட்டிக்கொண்டது.

காரைப் பொறுத்தவரை நான் வாயாடிதான். விடுமுறை நாட்களில் என் கணவர் அதற்கடியில் படுத்திருப்பார், நான் டார்ச் பிடிப்பேன். இது எதுக்கு, அது எங்க போகுது என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவரும் அலுக்காமல் சொல்வார். அவர் இறந்த பிறகு, துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே மூத்தவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். "பொம்பளைக்கு எதுக்கு காரு? நின்னே துருப்பிடிச்சிடும்." நான் பெயருக்கு ஏற்ற மாதிரி இருந்துவிட்டேன். ஆணி மட்டும் இன்னும் சுவரில் இருக்கிறது, எதுவும் மாட்டப்படாமல்.

அந்தக் காரின் நோய் என்னவென்று எனக்குத் தெரியும். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அல்ல. அதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தண்ணீரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, வெளியே அடுப்பில் கொதிக்கும் சூட்டையும் தாண்டி உள்ளே தண்ணீர் கொதிக்காமல் தாங்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் சீக்கிரமே கொதித்து, பக்கத்துக் குழாய் வழியாக ஓடிவிடும். அது போன இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று சூட்டைச் சுமக்காது, ஓசியில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி மாதிரி இடத்தை மட்டும் அடைக்கும். மூத்தவரின் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை மாற்றினான், தண்ணீர் பம்பை மாற்றினான், ரேடியேட்டரையே கழற்றிக் கழுவினான். மூடியை யாரும் பார்க்கவில்லை. என் கணவர் படுக்கையில் விழுவதற்கு முன் வாங்கி வைத்த புது மூடி என் சமையலறையில், பாத்திர மூடிகளுக்கு நடுவே மூடியோடு மூடியாக இருக்கிறது.

முதல் தடவை மூத்தவர் இளித்துக்கொண்டு வந்தார். "உன் சக்களத்தியைக் கூட்டிட்டு வந்திருக்கேன். என்னன்னு கேளு. என் தம்பி இவளை எப்படித்தான் வெச்சுக் காலம் தள்ளினானோ!"

"ஆறட்டும் மாமா. சூட்டோட மூடியைத் தொறந்தா அழுத்தம் விட்டுப்போயி மொத்தத் தண்ணியும் ஒரே நேரத்துல பொங்கி மூஞ்சில அடிக்கும்" என்றேன். அன்று நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியதே அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றினேன். உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற, காரின் மூக்கு மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போது ரேடியேட்டரின் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கும், குமிழிகள் தானாக அங்கே ஏறி வரும். அதற்குத் தோதான சரிவு எங்கள் வாசலில்தான் இருந்தது. அதோடு ஹீட்டரையும் முழுக்கத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் குழாயில் காற்று பதுங்கிவிடும். சுட்டெரிக்கும் வெயிலில் மூத்தவரை உள்ளே உட்காரவைத்து, ஹீட்டரைத் திருகி, ஆக்சிலேட்டரை மெல்ல மிதிக்கச் சொன்னேன்.

"கண்ணாடியையும் ஏத்திக்குங்க மாமா."

கண்ணாடிக்கும் குமிழிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது என் சொந்தச் சேர்க்கை. நான் ரேடியேட்டர் வாயில் கடைசிக் குமிழி உடையும்வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தத் தளர்ந்த மூடியையே துடைத்து, திருகி மூடினேன். சட்டை முதுகோடு ஒட்ட இறங்கிய மூத்தவர், "பரவால்லியே, கெட்டிக்காரிதான்" என்றார்.

கொஞ்ச நாள் ஓடும், கொதிக்கும், தண்ணீரைத் துப்பும், மறுபடி என் வாசலுக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அப்படியே வந்தது. இரண்டாவது தடவை ஓரகத்தியும் பின்சீட்டில் இருந்தாள். "சனியன் பிடிச்ச காரு. நடுரோட்டுல மானம் போச்சு. அவ வீட்லயே விட்டுத் தொலைங்கன்னா கேக்குறாரா?" என்றாள். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது. இன்னும் ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு. சாவி தானாக ஆணிக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

இன்று மூத்தவர் இளிக்கவில்லை. போனட்டைத் தூக்கி நிறுத்தினார். ஆவி அவர் முகத்தைத் தாண்டி ஏறியது.

"ஆறட்டும், ஆறட்டும்னு சொல்லிச் சொல்லியே என்னைக் கிறுக்கனாக்கிட்டே. இன்னிக்கு ஆறவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். உள்ள என்ன எழவு இருக்குன்னு நானே பாத்துட்டு, நேரா பழைய இரும்புக் கடையில தள்ளிடுறேன். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். மூடிமேல் கையை வைத்தார். முகம் அதற்கு நேர் மேலே குனிந்திருந்தது. அப்படியே கண்ணை மட்டும் உயர்த்தி, ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

"என்ன மூடி, தொறக்கலாமா?"

புது மூடி என் கையில் இருந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. கட்டைவிரல் அதன் ஸ்பிரிங்கின்மேல் இருந்தது. நான் அழுத்த அழுத்த, அது என்னைத் திருப்பி அழுத்தியது.